எர்த் யார் பக்கம்?

லைட்டக்காவுக்கு அந்தப் பெயர் குணத்தை வைத்து வந்ததல்ல. குணத்தைப் பார்த்திருந்தால் ஹாரன் என்றுதான் வைத்திருப்பார்கள். அவள் கழுத்தில் எப்போதும் ஒரு டெஸ்ட் லாம்ப் தொங்கும். ஒரு முனையில் கூரான ஊசி, நடுவில் சின்ன பல்பு, மறுமுனையில் கொஞ்சம் ஒயரும் ஒரு கிளிப்பும். வண்டியில் எந்த ஒயரில் கரண்ட் வருகிறது, எதில் வரவில்லை என்று அந்த ஊசியால் குத்திப் பார்த்துச் சொல்லிவிடுவாள். சித்தப்பாவின் பேட்டரிக் கடையில் போன் எடுக்கப் போனவள், போனை வைத்துவிட்டு மீட்டரை எடுத்துக்கொண்டாள். சித்தப்பாவுக்கு அதற்குப் பிறகு போன் எடுக்க ஆள் கிடைக்கவே இல்லை.

கட்டிக்கொண்டவர் பாக்ஸண்ணன். உலகத்தில் கடவுளுக்கு அடுத்தபடி கியர்பாக்ஸ்தான் என்று நினைக்கிறவர். கடவுளே இரண்டாவதோ என்னவோ, யாரும் கேட்டுப் பார்த்ததில்லை. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகளுக்கு மட்டுமென்று இரண்டு பேருமாக ஒரு ஷெட் போட்டார்கள். முதல் வருஷம் ஒரே வண்டிக்குள் இருவரும் கைவிட்டு, அவர் மாட்டியதை அவள் குறை சொல்ல, அவள் கட்டிய ஒயரை அவர் இழுத்துப் பார்க்க, சண்டை சமையலறை வரைக்கும் வந்தது. ஒருநாள் அவள் மஞ்சள் பெயிண்ட் எடுத்துத் தரையில் குறுக்கே ஒரு கோடு போட்டாள். வண்டிக்கு அடியில் இறங்கி வேலை செய்யும் பள்ளமும் ஜாக்கியும் அவருக்கு. மேஜையும் மீட்டரும் அவளுக்கு.

“உங்க பக்கத்துல நான் மூக்கை நுழைக்க மாட்டேன். என் பக்கத்துல நீங்க நுழைக்கக் கூடாது.”

“ரொம்ப சந்தோஷம்,” என்றார் அவர்.

பதினோரு வருஷம் அந்தச் சட்டம் மீறப்படவில்லை. வண்டி கொண்டுவருகிறவர்களும் கல்யாணத்துக்கு வந்தவர்களைப் போல, “கோளாறு மாப்பிள்ளை பக்கமா, பொண்ணு பக்கமா?” என்றே கேட்கப் பழகிவிட்டார்கள். தன் பக்கம்தான் தப்பு என்று இருவரில் ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.

அவளுக்கு ஒரே ஒரு குறை உண்டு. புதிதாக வருகிறவர்கள் மீட்டரும் கையுமாக எதிரே நிற்கும் அவளைத் தாண்டி, அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “அண்ணன் இல்லையா?” என்பார்கள். முன்விளக்கு எரியவில்லை என்று வந்தவரும் அப்படித்தான்.

“அண்ணன் இருக்காரு. அவருக்கு ஃபியூஸ் மாத்தத் தெரியாது, பரவாயில்லையா?” என்பாள்.

பொய்யில்லை. வீட்டில் பல்பு போனாலும் ஸ்டூல் போட்டு ஏறுகிறவள் அவள்தான். ஆனாலும் அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் சுருக்கென்று தைக்கும். அப்படிக் கேட்காத முதல் ஆள் மாட்டு டாக்டர். மேட்டிலிருக்கும் பட்டிகளுக்கெல்லாம் கரடுமுரடான பாதையில் வண்டி ஏற்றிப் போய் வைத்தியம் பார்ப்பவர். முதல் நாளே சாவியை நேராக அவள் கையில் கொடுத்து, “வைப்பர் ஓடலம்மா, என்னன்னு பாருங்க,” என்றார். அதற்காகவே அவர் வண்டியை அவள் தன் பிள்ளை மாதிரி பார்த்தாள்.

அந்த வண்டிதான் இப்போது மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்திருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் பாக்ஸண்ணன் அதன் கியர்பாக்ஸை இறக்கி, பேரிங் மாற்றி ஏற்றினார். அதற்குப் பிறகுதான் தொல்லை. முன்சக்கரங்களையும் இழுக்க வைப்பது பாக்ஸின் வாலில் இருக்கும் ஒரு சின்ன மோட்டார். மேட்டில் சுவிட்சைத் திருப்பினால் அது சுற்ற மறுத்தது. டேஷ்போர்டில் பச்சை விளக்கு நின்று எரியாமல் கண்ணடித்தது. முதல் தடவை லைட்டக்கா சுவிட்சைக் கழற்றிச் சுத்தம் செய்தாள். இரண்டாம் தடவை ரிலேயை மாற்றினாள். இரண்டு தடவையும் கிளிப்பைப் பேட்டரியில் மாட்டி, மோட்டாருக்குப் போகும் ஒயரை முன்பக்க ஜாயின்டில் குத்திப் பார்த்தாள். பல்பு பளிச்சென்று எரிந்தது.

“கரண்ட் வருது. என் பக்கம் சுத்தம். உள்ள எதுவோ சிக்கியிருக்கு, உங்க பக்கம்,” என்றாள்.

“என் பாக்ஸ் வெண்ணெய் மாதிரி திரும்புது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு சும்மாவா சொன்னாங்க?” என்றார் அவர்.

ஷெட்டில் நிற்கும்போது எப்படியோ பிடித்துக்கொள்ளும் வண்டி, மேட்டில் குலுங்கினால் விட்டுவிடும். மூன்றாம் தடவை, கன்று பாதியில் மாட்டிக்கொண்ட ஒரு பசுவைப் பார்க்கப் போன டாக்டர், பாதி ஏற்றத்தில் வண்டியை விட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். இந்தத் தடவை ஷெட்டுக்கு வந்த பிறகும் அது பிடிக்கவில்லை.

“கன்னு பொழைச்சது அதோட அதிர்ஷ்டம்,” என்றார். அவர் பேச்சில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். “நீங்க வருத்தப்படாதீங்கம்மா. இந்தத் தடவை நான் அண்ணன்கிட்டயே பேசிக்கிறேன்.”

லைட்டக்காவின் முகம் தொங்கிப்போயிற்று. பாக்ஸண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “சாப்பிட்டுட்டு வந்து பாக்ஸை இறக்கிடறேன் டாக்டர்,” என்று சொல்லிவிட்டுப் பின்னாலிருந்த வீட்டுக்குப் போனார். சாப்பிட்டால் அரைமணி நேரம் கண்ணயர்வது அவர் வழக்கம். பாக்ஸ் இறங்கி, உள்ளே ஒன்றும் சிக்கவில்லை என்று ஆனால், தன் பெயரும் கூடவே இறங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதற்கப்புறம் இந்த ஷெட்டில் அவளிடம் யார் சாவி கொடுப்பார்கள்?

அவள் மஞ்சள் கோட்டைத் தாண்டினாள். வண்டி பள்ளத்தின் மேல் நின்றிருந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகப் பள்ளத்தில் இறங்கினாள். ஒரு நட்டுக்கூட இடம் மாறிக் கிடக்காமல் அவ்வளவு சுத்தமாக இருந்தது அந்த இடம். வீட்டில் துண்டை எங்கே போட்டோம் என்று தேடுகிற மனுஷனா இவர் என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது.

“டாக்டர், சாவியைப் போட்டு ஃபோர் வீல் சுவிட்சைத் திருப்புங்க.”

கிளிப்பை எடுத்தாள். பள்ளத்திலிருந்து பேட்டரிக்கு ஒயர் எட்டவில்லை. அதனால் பக்கத்திலேயே, மோட்டாரின் எர்த் ஒயர் பாக்ஸோடு சேரும் முனையில் கிளிப்பை மாட்டி, மோட்டார் ஒயரைக் குத்தினாள். பல்பு மினுக் மினுக்கென்று மங்கி அழுதது. மீட்டரை வைத்துப் பார்த்தாள். எர்த் முனைக்கும் வண்டியின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே ஒன்றுமே காட்டக் கூடாத இடத்தில் எட்டு வோல்ட் காட்டியது. கரண்டுக்கு வரும் வழி இருந்தால் மட்டும் போதாது, திரும்பிப் போகும் வழியும் வேண்டும். அந்தத் திரும்பும் வழிதான் எர்த். அது அடைபட்டிருந்தது. கிளிப்பைப் பேட்டரியில் மாட்டி மாட்டி, அடைபட்ட இடத்தை இரண்டு தடவையும் அவளே சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள். விளக்கடியில் இருட்டு என்பது இதுதான்.

போல்ட்டைக் கழற்றினாள். எர்த் ஒயரின் வளையத்துக்கு அடியில், போல்ட் ஓட்டைக்குள்கூட, பளபளவென்று வெள்ளிநிறப் பெயிண்ட்.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. வேலை முடிந்த பாக்ஸுக்குப் பெயிண்ட் அடிப்பது அவர் ஆசை. யாரும் குனிந்து பார்க்கப் போகாத பொருளுக்கு இரண்டு தடவை அடிப்பார். இந்த பாக்ஸுக்கு அடித்த அன்று மஞ்சள் கோட்டுக்குத் தன் பக்கம் உட்கார்ந்து அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அது எர்த் பிடிக்கிற இடமாச்சே என்று மனசுக்குள் ஓடவும் செய்தது. அவர் பக்கம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

உப்புத்தாளால் பெயிண்ட்டைச் சுரண்டி, வெள்ளை உலோகம் தெரிந்ததும் போல்ட்டை இறுக்கினாள். தலைக்கு மேல் மோட்டார் சர்ரென்று சுற்றியது.

“அம்மா, பச்சை விளக்கு நின்னு எரியுது,” என்றது டாக்டரின் குரல்.

அவள் மேலே ஏறி வந்தபோது பாக்ஸண்ணன் தூக்கம் கலைந்த முகத்தோடு கோட்டருகில் நின்றிருந்தார். தன் பள்ளத்திலிருந்து ஏறி வந்த பெண்டாட்டியையும் காலடியிலிருந்த மஞ்சள் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

டாக்டர் சிரித்தார். “மாப்பிள்ளை பக்கமா, பொண்ணு பக்கமா?”

அவள் கையில் சுரண்டின வெள்ளித்தூள் ஒட்டியிருந்தது. சொன்னால் அவள் பெயர் நிமிர்ந்துவிடும். டாக்டர் முன்னால் அவர் தலை குனிந்துவிடும். சொல்லாவிட்டால் மூன்றாவது தடவையும் பழி அவளுக்கே. மனுஷன் தூக்கம் கெட்டு நிற்கிறார், பாவமாகவும் இருந்தது.

“அது வந்து டாக்டர், நடுவுல ஒரு போல்ட்டு கொஞ்சம்…” என்று இழுத்தாள்.

பாக்ஸண்ணன் அவள் விரல்களைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“பூசி மெழுக வேணாம்மா. பூசினது நான்தான்,” என்றார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார். “என் பக்கம்தான் டாக்டர். எர்த் மேலேயே பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கேன்.”

வண்டி போன பிறகு இருவரும் டீ குடித்தார்கள். அவளுக்கு மனசு கேட்கவில்லை.

“என் மேலயும் தப்பு இருக்குங்க. கிளிப்பை எர்த்துல போட்டுப் பார்த்திருந்தா முதல் தடவையே தெரிஞ்சிருக்கும்.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“நீ கிளிப்பைப் பேட்டரியில போட்டப்பவே நெனச்சேன், இவ எர்த்தைப் பார்க்கலையேன்னு. உன் பக்கமாச்சேன்னு விட்டுட்டேன்.”

“ஃபியூஸ் மாத்தத் தெரியாத ஆளுக்கு இது மட்டும் எப்படித் தெரிஞ்சது?”

“பதினோரு வருஷமா நீ பேசறதைக் கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்.”

அவளுக்குக் கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் கோபத்தையே காட்டினாள். “தெரிஞ்சா வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே? அந்த மனுஷன் மேட்டுல பெட்டியைத் தூக்கிட்டு நடந்திருக்காரு.”

“பெயிண்ட் அடிக்கறப்ப நீயும் பார்த்துக்கிட்டுதானே இருந்தே?”

அவள் டீயை ஊதிக் குடித்தாள். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

இரண்டு வாரம் கழித்து, மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், பாக்ஸண்ணனின் போன் அடித்தது. கொஞ்ச நேரம் உம் கொட்டிக்கொண்டிருந்தவர், கோட்டைத் தாண்டி மேஜைக்கு வந்து போனை அவளிடம் நீட்டினார்.

“டாக்டரு. கியர் ஆயில் மாத்தணுமாம்.”

“கியர் ஆயில் உங்க பக்கமாச்சே.”

“அதைத்தான் நானும் சொன்னேன்,” என்றார் அவர், முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு. “எதுக்கும் அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்துங்கங்கறாரு.”

லைட்டக்கா துணியை எடுத்து, ஒவ்வொரு விரலாக, கொஞ்சமும் அவசரப்படாமல் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.