உரச்சாக்குப் பூச்சியோடு பொத்துவிலுக்கு

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு வேன் வரும் என்று சொல்லியிருந்தார்கள். நான் நாலரைக்கே பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே போய் நின்றுவிட்டேன். தேயிலைத் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்குப் பேர் கூப்பிடும்போது பிந்திப் போனால் அன்றைக்கு வேலை இல்லை. அந்தப் பயம் இன்னும் உடம்பைவிட்டுப் போகவில்லை. ஆனால் இன்றைக்குப் பயம் இல்லை, சந்தோஷம்தான். கடலுக்குப் போகிறோம் என்றால் எனக்கு ரெண்டு நாளைக்கு முன்பே சோறு இறங்காது.

மலையில் இருக்கிற பதுளைக்காரிக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரரே கேட்கிறார். எங்கள் ஊரில் மீன் பிடிக்கிற சின்னக் கூட்டம் ஒன்று இருக்கிறது. ஃபரீத் நானாவின் ஹார்ட்வெயார் கடை மாடியில் புதன்கிழமை பின்னேரம் கூடுவோம். நாங்கள் தூண்டிலில் புழுவும் குத்துவதில்லை, இறாலும் குத்துவதில்லை. முள்ளில் இறகு, மயிர், நூல் எல்லாம் சுற்றிக் குட்டி மீன் மாதிரி ஒன்றைக் கட்டுவோம். அதைத் தண்ணீரில் ஓடவிட்டு, பெரிய மீனை ஏமாற்றிப் பிடிப்போம். இங்கிலீஷில் அதற்கு ஃப்ளை என்று பேர். எங்களுக்கு அது பூச்சி. வீசிப் பழகுவது தோட்டத்துக் குளத்தில்.

தையல் கடை வைத்திருக்கிற எனக்குப் பூச்சி கட்டுவது கஷ்டமே இல்லை. ஆனால் நான் கட்டுவது மற்றவர்கள் மாதிரி இறகில் இல்லை, உரச்சாக்கில். கொழுந்து பறித்த காலத்தில் மழைக்கும் தேயிலைச் செடி கீறாமலும் இடுப்பில் படங்காகக் கட்டிக்கொண்டு திரிந்த அதே வெள்ளைச் சாக்கு. அதன் பின்னலைப் பிரித்து, பட்டையை ஊசியால் கீறி, பேன் சீப்பால் வாரினால் பட்டு மாதிரி இழை வரும். வெள்ளை இழை வயிற்றுக்கு, பச்சை எழுத்து அச்சடித்த இடத்து இழை முதுகுக்கு. கண்ணுக்கு ஸ்டிக்கர் பொட்டு, அதற்கு மேலே ஒரு சொட்டு நகப்பூச்சு. தண்ணீரில் போட்டால் நிஜக் குட்டிச் சூடை மீனே தோற்றுப் போகும். நான் சொல்லவில்லை, மாஸ்டரே சொன்னார்.

மாஸ்டர் என்றால் ஜெயராஜ் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மாஸ்டர், எங்களுக்கு வீசக் கற்றுத் தந்தவர். கூட்டத்தில் அவர் வைத்த வழக்கம் ஒன்று உண்டு. கட்டினவர் தன் கையாலேயே உப்புத் தண்ணீரில் மீன் பிடித்துக் காட்டும்வரை எந்தப் பூச்சிக்கும் பேர் கிடையாது. பிடித்தால் மீனைக் கையில் வைத்துக்கொண்டே பேர் சொல்ல வேண்டும். முதலில் வாயில் வந்த பேர்தான் பேர், பிறகு மாற்ற முடியாது. அதற்கப்புறம்தான் அந்தப் பூச்சி மாடிச் சுவரில் இருக்கிற பலகையில் ஏறும். நானாவின் மூன்று பூச்சிகள் அங்கே மினுங்கிக்கொண்டு இருக்கின்றன. என்னுடையது ஒன்றுமில்லை. இதற்கு முன்பு ரெண்டு தடவை பொத்துவில் போய் வெறுங்கையோடு வந்திருக்கிறேன்.

வேன் பசறை தாண்டும்போதே நானா ஆரம்பித்துவிட்டார். நல்ல மனிதர், மொட்டைத் தலை, வாய் மட்டும் சும்மா இருக்காது.

"தங்கச்சி, இந்தத் தடவையும் உரம் போடத்தான் போறீங்களா?"

"கடல்ல மீன் நல்லா வெளையட்டும்னுதான் நானா."

"சரி, ஒரு பேச்சு. இன்னைக்கும் கெடைக்கலன்னா சாக்க விட்டுட்டு நான் தாற சேவல் எறகுல கட்டணும். கெடைச்சா நானே உரச்சாக்குல பூச்சி கட்டுறேன். போதுமா?"

"மாஸ்டர், கேட்டுக்கிட்டீங்கதானே?" என்றேன். மாஸ்டர் முன் சீட்டிலிருந்து கையைத் தூக்கிக் காட்டினார். வாய்க்கொழுப்பில் ஒத்துக்கொண்டுவிட்டேன். ஆறு மாதமாகச் சீப்பும் ஊசியுமாக உட்கார்ந்து செய்த வேலை. அதை விட்டுவிட்டு இன்னொருவர் இறகைக் கட்டுவதென்றால் எனக்கு இந்தக் கூட்டமே வேண்டாம்.

பதுளையிலிருந்து பொத்துவில் நூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம். நமுனுகுல மலை முதுகுக்குப் பின்னால் போகப் போக, ஸ்வெட்டரைக் கழற்றினோம். மொனராகலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும். பால் தேத்தண்ணி நூற்றைம்பது ரூபாய், குடித்தால் வெந்நீர். தேயிலைக் காட்டில் பிறந்தவளுக்கு இப்படி ஒரு தேத்தண்ணியைக் கொடுக்க எப்படித்தான் மனசு வந்ததோ. சியம்பலாண்டுவ தாண்டி, லகுகலைக் காட்டில் ரோட்டோரம் யானை ஒன்று புல்லை உதறி உதறித் தின்றுகொண்டு நின்றது. டிரைவர் வேனை மெதுவாக்கினார். எனக்கு அந்த யானையைப் பார்க்கவும் பொறுமையில்லை.

ஒன்பது மணிக்குப் பொத்துவிலில் கடலோரத்து உப்புநீர்க் களப்புக்கு வந்துவிட்டோம். காற்றில் உப்பு வாசம் அடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்று தெரியவில்லை. தோணிக்கார ரவூஃப் காத்துக்கொண்டு நின்றார். களப்பும் கடலும் சேருகிற முகத்துவாரத்துக்குக் கம்பு ஊன்றிக் கொண்டுபோனார். ரெண்டு பக்கமும் கண்டல் மரங்கள். வேர்களுக்கிடையில் கொக்குகள் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை.

"கச்சான் காத்து பின்னேரம்தான் எழும்பும். அதுக்குள்ள வீசிக்கங்க. மறுகா எங்கட கையில ஒண்டுமில்ல" என்றார் ரவூஃப்.

மணல்திட்டில் முழங்கால் தண்ணீரில் இறங்கினோம். தண்ணீர் தெளிந்து, காலடி தெரிந்தது. சூடைக் கூட்டம் ஒன்று பயந்து சிதறியது. அதற்குப் பின்னால் நிழல் மாதிரி ரெண்டு மூன்று ஓடின. "பாரை!" என்றார் மாஸ்டர். வீசினேன். நூல் பின்னால் போய் நேராகி, முன்னால் விரிந்து விழுந்தது. இழுத்தேன். ரெண்டாவது இழுப்பில் டம்மென்று ஒரு அடி.

அந்த நேரம் பார்த்து என் வலது கை தானாகத் தோளுக்கு மேலே பின்பக்கம் போனது. தூண்டில் கம்பு வானத்தைப் பார்த்தது. பூச்சி மீனின் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு என் காதோரமாகப் பறந்து போனது.

"விஜயா, கம்பத் தூக்காதீங்க! நூல இழுங்க!" என்று மாஸ்டர் கத்தினார். எனக்குத் தெரியாதா? கடல் மீனுக்கு நூலை நேராக இழுத்துத்தான் முள்ளைக் குத்த வேண்டும் என்று எத்தனை புதன்கிழமை கேட்டிருக்கிறேன். கைக்குத் தெரியவில்லையே. பத்து வருஷம் கொழுந்து பறித்த கை. பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலால் முதுகுக் கூடைக்குள் எறிந்து எறிந்து பழகிய கை. கனம் தட்டுப்பட்டால் பின்னால் எறி என்பதுதான் அதற்குத் தெரியும்.

பத்து மணி வாக்கில் இன்னொன்று அடித்தது. மறுபடியும் கை தோளுக்கு மேலே.

"தங்கச்சி மீனக் கூடைக்குள்ள போடப் பாக்குது" என்றார் நானா. ரவூஃப் தோணியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நானாவைத் தண்ணீரில் தள்ளிவிடலாமா என்றுகூட யோசித்தேன். இதற்குள் அவர் தன் சேவல் இறகில் ரெண்டு மீன் பிடித்து விட்டிருந்தார்.

மத்தியானம் கண்டல் நிழலில் சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். நான் சாப்பிடாமல் என் கையையே பார்த்துக்கொண்டு இருந்தேன். மாஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒன்னு செஞ்சு பாக்கலாம். வீசினதும் கம்ப அக்குள்ல இடுக்கிக்கங்க. ரெண்டு கையாலயும் மாத்தி மாத்தி நூல இழுங்க. பாரைக்கு வேகமா ஓடுற பூச்சிதான் புடிக்கும், சில பேரு அப்படித்தான் இழுக்குறாங்க. நம்ம குளத்துக்கு அது தேவப்படாததால நான் காட்டல."

"ரெண்டு கையாலயுமா?"

"ஆமா. கம்பு இடுக்குல இருந்தா தூக்க வராது."

பறிக்கிறதும் ரெண்டு கையால்தானே என்று அப்போதுதான் பட்டது. எழுந்தே போய்விட்டேன். பார்சல் அப்படியே கிடந்தது, காகத்துக்கு நல்ல நாள்.

காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. ரவூஃப் வேறு "போதும், போவம்" என்று கூப்பிட்டுக்கொண்டு இருந்தார். கச்சான் முதுகுப் பக்கமிருந்து தள்ளியதால் பூச்சி நான் நினைத்ததைவிடத் தூரத்தில், கடல் வாய்க்குப் பக்கத்தில் போய் விழுந்தது. கம்பை இடுக்கினேன். இடது, வலது, இடது, வலது. கொழுந்து பறிக்கிற அதே ஓட்டம். கை நானில்லாமலே போனது. எத்தனை நாள் மேட்டிலும் பள்ளத்திலும் இப்படிப் போயிருக்கும்! நாலைந்து தடவை வெறுமனே வந்தது. அதற்குப் பிறகு நூல் கல்லில் மாட்டின மாதிரி நின்றது.

கை எறியப் பார்த்தது. எறிய ஒன்றுமில்லை, கம்பு அக்குளில். மற்றக் கை இழுத்தது. முள் ஏறிவிட்டது.

அப்புறம் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்கு வராது. நூல் விரலைச் சுட்டுக்கொண்டு ஓடியது, ரீல் கிறீச்சிட்டது, நான் பாவாடை நனைய மணலில் ஓடினேன், மாஸ்டர் பின்னால் ஓடிவந்தார். "வுட்டுப் புடிங்க, வுட்டுப் புடிங்க!" என்று கத்தினது யாரென்று திரும்பிப் பார்த்தால் ஃபரீத் நானா. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மீனைக் கரைப்பக்கம் திருப்பக் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

கைக்கு வந்தபோது முழங்கையைவிட நீளம். நீலமும் வெள்ளியுமாக, பாரை. உதட்டோரத்தில் என் பூச்சி, ஸ்டிக்கர் பொட்டுக் கண் அப்படியே இருந்தது.

"பேர் சொல்லுங்க" என்றார் மாஸ்டர்.

ஆறு மாதமாக யோசித்து வைத்திருந்த பேர் 'வெள்ளி ராணி'. வாயைத் திறந்தேன். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "உரச்சாக்கு!" என்று வந்தது. கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. மாற்ற முடியாது. மாற்ற மனசும் இல்லை.

பேர் தந்த மீனை விட்டுவிட வேண்டும், அதுவும் வழக்கம். தண்ணீரில் பிடித்து, மூச்சு வந்ததும் விட்டேன். ரவூஃப் தலையில் கையை வைத்துக்கொண்டார். "மலையில இருந்து இவ்வளவு தூரம் வந்து புடிச்சி, மறுகா உடுறதா?" உண்மையைச் சொன்னால் என் மனசும் ரவூஃப் பக்கம்தான். அந்த மீனை நினைத்துக்கொண்டே ராத்திரி விடுதியில் பருப்பும் முட்டையும் சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை திரும்பினோம். நானா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மொனராகலை தாண்டி ஏற்றம் தொடங்கி, பசறைப் பக்கம் குளிர் அடித்து, ஸ்வெட்டரை மறுபடி போட்டுக்கொண்டோம். நமுனுகுல மலை முன்னால் வந்து நின்றது. கடற்கரையில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியே கழித்த ஒரு நாளுக்குப் பிறகு அந்தப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஆனாலும் இந்தப் பாழாய்ப்போன மலைக்குப் பக்கத்தில் ஒரு கடல் இருந்திருந்தால் என்ன என்று நினைத்தேன்.

ஒரு தோட்டத்து உர ஸ்டோருக்கு முன்னால், "கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றார் நானா. இறங்கிப் போய் ஸ்டோர்க்காரரிடம் ஏதோ பேசினார். திரும்பி வரும்போது அக்குளில் மடித்த வெள்ளைச் சாக்கு ஒன்று.

"எதுக்கு நானா?" என்றார் மாஸ்டர்.

"மழ வந்தா வேனுக்கு மேல போட." வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

பைக்குள் கையை விட்டுப் பேன் சீப்பை எடுத்து நீட்டினேன்.

"எனக்கெதுக்கு தங்கச்சி, தலையில ஒரு மயிரு இல்ல" என்று சொல்லிக்கொண்டே அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.