நான் ஒளித்து வைத்த டி.சி.

நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜூன் மாதம். தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில், துவைத்த துணியில்கூட உப்புக் காற்று ஒட்டிக்கொள்ளும் எங்கள் ஊரில் நடந்தது. மகள் பத்தாவது முடித்திருந்தாள். ஊரில் அதற்கு மேல் வகுப்பு கிடையாது. பிளஸ் ஒன் சேர ராமநாதபுரத்துக்கு பஸ் ஏற வேண்டும்.

என் படிப்பு எட்டாவதோடு நின்றது. அப்போது ஊரில் அதுவரைதான் வகுப்பு. நான் பெரியபிள்ளை ஆனதும் என்னைப் பெற்ற அய்யா, "பஸ்ஸுல போயி என்னத்தக் கிழிக்கப் போற?" என்றார். அண்ணன் அதே பஸ்ஸில்தான் போனான். ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கை வேறு காட்டுவான்.

மகளிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் அவள் கேட்கும் முன்பே புதுப் பை வாங்கி வந்தார். "எம்மக டவுனுக்குல்ல படிக்கப் போறா!" என்று தெருவில் போகிறவரை எல்லாம் நிறுத்திச் சொன்னார். அவளோ பையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்றாள். பெற்றவள் பூரித்திருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. சொல்ல வெட்கம்தான், அந்த வயிற்றில் பிறந்தவள் மேலேயே எரிந்தது.

அவள் குளிக்கப் போன நேரம் பையிலிருந்து, பழைய பள்ளிக்கூடத்தில் கொடுத்த டி.சி.யை எடுத்தேன்; அது இல்லாமல் எங்கேயும் சேர்க்க மாட்டார்கள். அடுப்படி அலமாரியில் விரித்திருந்த பழைய பேப்பருக்கு அடியில் செருகினேன்.

மறுநாள்தான் சேர்வதற்குக் கடைசி நாள். காலையில் பையைக் கவிழ்த்தாள், பீரோவைக் குடைந்தாள், பாயை உதறினாள். என் வீட்டுக்காரருக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஒத்தக் காயிதத்தப் பத்திரமா வைக்கத் தெரியல. நீயெல்லாம் பஸ்ஸேறிப் போயி படிக்கப் போறியாக்கும்?"

அவள் முகம் செத்துப்போனது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எனக்கு அது இனித்தது.

அவள் ஓடி வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "ம்மா, எம்மேலதாம்மா தப்பு. இனிமே கவனமா இருப்பேன்னு அப்பாட்ட நீ சொல்லும்மா. நீ சொன்னா கேப்பாரு."

அடுப்படி அலமாரிப் பேப்பரை இழுத்து டி.சி.யை எடுத்தேன். இரண்டு டம்ளர் உருண்டு விழுந்தன.

"அங்கன எப்படிப் போச்சு?" என்றார் அவர்.

"நாந்தான் வச்சேன்."

"எதுக்குடி?"

"என்னய யாரும் அனுப்பலையே."

மகள் டி.சி.யில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துப்பட்டாவால் ஒற்றி எடுத்தாள். அப்பாவோடு கிளம்பிப் போனாள். இடம் கிடைத்துவிட்டது.

இப்போது கல்லூரிக்குப் போகிறாள். என்னோடு சிரிக்கிறாள், சண்டை போடுகிறாள், தலை பின்னிவிடச் சொல்கிறாள். சான்றிதழ்களை மட்டும் வீட்டில் வைப்பதில்லை. சிநேகிதி வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறாள். ஏன் என்று நான் கேட்டதும் இல்லை. பெண்பிள்ளையின் படிப்பை மறிக்க என் அய்யா மாதிரி ஒருவர் வேண்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மறிக்கப்பட்ட ஒரு அம்மாவே அதற்குப் போதும் என்பது, இன்றும் அவள் புத்தகத்தோடு உட்காரும்போதெல்லாம் என்னைக் குத்துகிறது.