சர்வரை அழித்த ஞாயிறு

மேனாம்பேட்டில் நாங்கள் குடியிருக்கும் ஃபிளாட்டில், செருப்பு அலமாரிக்கு மேலே ஒரு பழைய மடிக்கணினி இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் என் சர்வர். ஒரே நிறுவனத்தின் பிடியில் இல்லாமல், ஆளாளுக்குத் தம் வீட்டிலேயே ஒரு சர்வர் வைத்து, அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சமூக வலைத்தளம் ஒன்று இருக்கிறது என்று படித்தேன். படித்தவுடன் ஆரம்பித்துவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது எனக்குப் பிறவிப் பழக்கம். அலுவலகத்தில் நான் பார்ப்பது சோதனை வேலை. யாரோ கட்டியதில் குறை சொல்வது. சொந்தமாகக் கட்டியதில் குறை வந்தால் என்ன செய்வதென்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அதில் இருந்தது மூன்றே பேர். நான், என் மனைவி, கீழ்வீட்டு அண்ணன். அவர் பக்கத்துத் தொழிற்பேட்டையில், தகடு அழுத்தும் ஒரு பிரஸ் பட்டறையில் மிஷின் ஓட்டுகிறவர், ஒப்பந்தத் தொழிலாளி. இந்தப் பக்கமெல்லாம் வயலாக இருந்தபோது அவர் அப்பாவும் அம்மாவும் அதில் கூலிக்கு நடவு நட்டவர்கள். ஒருநாள் வைஃபை கேட்டு மாடியேறி வந்தவர், அலமாரியைப் பார்த்து, "இன்னா சார் இது, செருப்புக்குக் காவலா?" என்றார். விளக்கினேன். பாதி எனக்கே புரியாத விளக்கம். அவருக்கு ஒன்று மட்டும் புரிந்தது: இங்கே என்ன வேண்டுமானாலும் எழுதலாம், விளம்பரம் வராது.

புனைபெயரில் தினமும் எழுதினார். அவர் ஓட்டிய மிஷினுக்குப் பட்டறையில் 'கெயவி', அதாவது கிழவி, என்று பெயர். அது இருமுவதையும் அடம்பிடிப்பதையும் பேசுகிற மாதிரியே எழுதுவார். என் மனைவி மொட்டைமாடிச் செடிகளைப் பற்றி எழுதியதை நான் ஒருவன்தான் படித்தேன். கெயவியைப் படிக்க ஜெர்மனியிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் தமிழர்கள் வந்தார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. சர்வர் என்னுடையது, கூட்டம் அவருக்கு.

ஒரு ஞாயிறு காலை மூச்சிரைக்க வந்து நின்றார். இரண்டு நாள் முன்னால் அவர் எழுதியிருந்தது இது: 'கெயவிக்கு மறுபடியும் கண்ணைக் கட்டிட்டானுங்க. இனிமே கை உள்ள போனாக்கூட அதுக்குத் தெரியாது.' கை நுழைந்தால் மிஷினை நிறுத்தும் சென்சாரை, வேலை வேகமாக ஓடவேண்டும் என்று ஒயர் போட்டுச் செயலிழக்க வைத்திருந்தார்கள். அவர் எழுதியதை யாரோ படம் பிடித்து வாட்ஸப்பில் விட, சுற்றிச் சுற்றிச் சூப்பர்வைசரின் போனுக்கே போய்விட்டது. எழுதியது யாரென்று எங்கும் இல்லை. ஆனால் கெயவி என்ற பெயர் அந்தப் பட்டறையைத் தவிர வேறு எங்கும் கிடையாது.

"நாளிக்கு ஆபீஸுக்கு வரச் சொல்லிகீறான் சார். அதுக்குள்ள எல்லாத்தியும் தூக்கிடு. வேல போய்ட்ச்சின்னா ஊட்ல அடுப்பு எரியாது."

அவர் கணக்கை நீக்கும் பொத்தானை அழுத்தினேன். 'வரிசையில் உள்ளது' என்று வந்தது. அரைமணி கழித்தும் அதே வரிசை. எந்த வரிசை, யார் முன்னால் நிற்கிறார்கள், ஒன்றும் புரியவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பதற்றத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டால் குழாயில் எப்படித் தண்ணீர் வரும்? வன்தட்டையே முழுதாக அழித்தேன். மறுபிரதியும் அதே தட்டில்தான் இருந்தது, அதுவும் போனது. "முடிஞ்சது அண்ணே," என்றேன். கை குலுக்கிவிட்டுப் போனார்.

மாலையில் போனை நீட்டிக்கொண்டு திரும்ப வந்தார். அவரைப் படிக்கும் ஜெர்மனித் தமிழர் ஒருவரின் சர்வரில் கெயவி அப்படியே இருந்தாள். "இன்னா சார் இது? ஊட்ட இட்ச்சாச்சு, உள்ளேர்ந்து கொரலு மட்டும் வந்துகினு கீது!"

உட்கார்ந்து படித்தபிறகுதான் விளங்கியது. நாம் எழுதுவதன் நகல் மற்ற சர்வர்களுக்கும் போய்விடுகிறது. அதை நீக்கு என்று நம் சர்வர்தான் தன் ரகசியச் சாவியால் கையொப்பமிட்டுச் சொல்லவேண்டும். காலையில் அந்த வரிசையில் நின்றதே அந்தச் சொல்தான். பொறுமையாக இருந்திருந்தால் போய்ச் சேர்ந்திருக்கும். அதை நான் சாவியோடு சேர்த்து அழித்துவிட்டேன். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்கள். நான் வாலையும் விட்டிருந்தேன். நகலை நீக்கச் சொல்லி அந்த ஜெர்மனிக்காரருக்கு எழுதினேன். 'நீங்கள்தான் அந்தச் சர்வரின் உரிமையாளர் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று மரியாதையாகக் கேட்டார். ஆதாரத்துக்கு நான் எங்கே போவேன்?

என் மனைவி எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ வெளியூர்ல யாரும் படிக்காத என் செடிங்க மட்டும்தான் சுத்தமா அழிஞ்சிருக்கு, இல்ல?" என்றாள். ஆமாம்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. கீழே இறங்கிப் போய் அண்ணனிடம் சொன்னேன். "சர்வரே இல்லாததால நீங்கதான் எழுதினீங்கன்னு எவனாலயும் நிரூபிக்க முடியாது. நான் இல்லைன்னு ஒரே வார்த்தை சொல்லிடுங்க." தலையாட்டினார். நான் செய்த கோளாறிலும் ஒரு நன்மை இருக்கிறதே என்று நிம்மதியாக ஏறி வந்தேன்.

திங்கள் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

"எப்படி அண்ணே? இல்லைன்னு சொல்லலையா?"

"சொல்லணும்னுதான் போனேன். அந்த சூப்பர்வைசரு போனைக் கையில வச்சிகினு சத்தமா பட்ச்சான். நல்லாதான் சார் எய்திகீறேன். எங்க அப்பன் ஆத்தா காலமெல்லாம் நட்டாங்க, ஒரு நாத்துகூட அவுங்களுதுன்னு சொல்ல முடியல. எனக்குன்னு இது ஒண்ணு கீது. இதையும் என்னுது இல்லேன்னுட்டா அப்பறம் இன்னா? நான்தான்னு சொல்ட்டேன். கட்னதை அவுத்துடுங்கன்னும் சொல்ட்டேன்."

அவிழ்த்தார்களா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவர் வேலையைத் தின்றதில் என் அவசரத்துக்கும் பங்கு உண்டோ என்று மட்டும் உறுத்தியது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தபோது அவர் முந்திக்கொண்டார்.

"சார், நா எய்தினது அந்த ஜெர்மனில இன்னும் கீதா?"

"இருக்கு அண்ணே. அதை நான் நெனச்சாலும் இனி அழிக்க முடியாது."

"அப்ப சரி," என்று வேலை போன மனிதர் சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.