ஒரு மாற்றுக் குறைவு

பாலித் தீவில் கமெலான் வாத்தியங்களை இரண்டிரண்டாகச் செய்வார்கள். வரிசையாக வெண்கலப் பட்டைகள் பதித்த மரப்பெட்டிகள். சின்னச் சுத்தியலால் அடிக்க வேண்டும். பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஜோடியில் ஒன்றின் சுருதியை வேண்டுமென்றே மயிரிழை தாழ்த்தி வைப்பார்கள். சேர்த்து அடித்தால் நாதம் நேராக நிற்காது, நடுங்கும். அந்த நடுக்கம் இல்லாவிட்டால் இது பாத்திரக்கடைதான் என்பார், எங்களுக்குக் கற்றுத்தந்த பாலிக்காரர்.

பொம்மையார்பாளையத்தில் கொட்டகை போட்டு, கப்பலில் வந்த வாத்தியங்களை இறக்கி, அகப்பட்ட ஆட்களையெல்லாம் உட்கார வைத்தவர் அவர். மீன்பிடிக்கிறவர்கள், விடுதிச் சமையல்காரர், திண்டிவனத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த நான். சங்கீதம் தெரிந்தவர்கள் யாரும் வரவில்லை, அதனால் பிழைத்தோம். அவர் ஊர் திரும்பியபோது வாத்தியங்களை எங்களிடமே விட்டுப்போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி வாசித்துக்கொண்டிருந்தோம்.

என் ஜோடி கோட்டக்குப்பத்து பாய். மஸ்கட்டில் கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பியவர். என்னுடையது ஏறிய சுருதி, அவருடையது தாழ்ந்தது.

"சார் சொக்கத் தங்கம். நான் ஒரு மாத்து கம்மி" என்று எல்லோரிடமும் சொல்லுவார்.

"கம்மியா இருக்கறதாலதான் பாய், உங்கள வச்சிக்கினு இருக்கேன்" என்பேன்.

வேகமான உருப்படிகளில் நான் விட்ட இடத்தில் அவர் அடிப்பார், அவர் விட்ட இடத்தில் நான். எது யார் கை என்று எங்களுக்கே தெரியாது.

போன மழைக்காலத்தில் பாய் இறந்துபோனார். நெஞ்சுவலி என்று பாண்டிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் கொட்டகைப் பக்கமே போகவில்லை. அந்த நடுக்கத்தை இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று ஆசை இருந்தது. கேட்டால் தாங்குவேனா என்று பயமும் இருந்தது.

துபாயில் ஃபிட்டராக இருக்கும் அவர் மகன் லீவில் வந்து போன் செய்தான். அத்தாவிடம் கற்றுக்கொண்டு பள்ளி நாட்களில் எங்களோடு வாசித்தவன்தான்.

"வாங்க சார். அத்தா எடத்துல நான் குந்தறேன்."

போனேன். அவன் பாயின் வாத்தியத்தின் முன் உட்கார்ந்தான். இருவரும் முதல் பட்டையை அடித்தோம். நாதம் நேராக நின்றது. அடுத்ததை அடித்தோம். அதுவும் அப்படியே, ஆடாமல் அசையாமல்.

"சரியாயிடுச்சா சார்?" அவன் முகம் மலர்ந்திருந்தது. "ஒரு மாத்து கம்மின்னு அத்தா சொல்லிக்கினே இருப்பாரு. பாவம், மனசுல அது ஒரு கொறையாவே இருந்திருக்கும். அதான் போன் ஆப்ல சுருதி பாத்து, அரம் போட்டு, எல்லாத்தையும் உங்களுதுக்கு சமமா கொண்டாந்துட்டேன்."

அடப்பாவி என்று வாய்வரை வந்தது. வேலையில் குற்றம் சொல்ல முடியாது, அத்தனை சுத்தம். பாயின் குரலாக மிச்சமிருந்தது அந்தத் தாழ்ந்த சுருதி ஒன்றுதான். அதையும் ராவித் தூளாக்கிவிட்டான். பெற்றவர் மேலுள்ள அன்பில் செய்தவனை என்னவென்று திட்டுவது? எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தாவை நினைத்து அழுகிறேன் என்று நினைத்து அவனும் அழுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த அரத்தக் குடு தம்பி" என்றேன்.

"எதுக்கு சார்?"

பட்டையின் முனையைத் தேய்த்தால் சுருதி ஏறும், அடியில் நடுப்பகுதியைத் தேய்த்தால் இறங்கும் என்று பாலிக்காரர் சொல்லியிருந்தார். என் வாத்தியத்தின் முதல் பட்டையைக் கழற்றித் தேய்த்தேன். அதிகம் தேய்த்துவிட்டால் போனதுதான். கொஞ்சம் தேய்ப்பேன், மாட்டி அடிப்பேன், அவனையும் அடிக்கச் சொல்வேன். பல தடவைக்குப் பிறகு அது வந்தது. கொட்டகை முழுதும் அந்தப் பழைய நடுக்கம்.

அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான். "அத்தா" என்றான்.

"இனிமே ஏறின சுருதி உன்னுது" என்றேன். "அத்தா எடத்துல நான் குந்தறேன்."