சாகாத பயிர்

என் மனைவியின் தம்பி கோவில்பட்டியில் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறான். அவன் பங்குக்கு வந்த மூன்று ஏக்கர் கரிசல் எங்கள் புஞ்சையை ஒட்டிக் கிடக்கிறது. சீமைக்கருவேல் மண்டி, சட்டை கிழியாமல் உள்ளே போய்வர முடியாது. அந்த நிலத்தை அவன் எட்டிப் பார்த்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் ஷிப்ட் முடிந்து டவுன் பஸ்ஸில் உட்கார்ந்ததும் போனைத் திறந்து விவசாயம் பார்க்கத் தொடங்கிவிடுவான். ஊர் வந்து கண்டக்டர் முதுகில் தட்டும்வரை தலையைத் தூக்கமாட்டான்.

அது ஒரு கேம். ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினான். பச்சைப் பசேலென்று வயல். விரலால் தொட்டால் உழவு. இன்னொரு தடவை தொட்டால் விதைப்பு. பிறகு ஒரு வாளி வந்து தண்ணீர் ஊற்றும். வாளிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. கிணறும் தெரியவில்லை, கண்மாயும் தெரியவில்லை. கோழி சிரிக்கிறது. மாடு சிரிக்கிறது. சாணியே போடாத மாட்டை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பின்னால் ஒரு பாட்டு, பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது.

“எட்டு மணி நேரம் மிஷின் சத்தத்துல நிக்கேன் அத்தான். இதத் தொட்டா மனசு லேசாகுது. மூணு தடவை டெலிட் பண்ணிட்டேன், திரும்பத் திரும்ப இதுக்குத்தான் வாரேன்” என்றான்.

உன் நிலத்தில் ஒரு கருவேலஞ்செடியைப் பிடுங்கிப் பார், அதைவிட லேசாகும் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் நடுவில் வாய் திறந்து பழக்கமில்லை. மனசுக்குள் வேண்டிய மட்டும் திட்டிக்கொள்வேன். இப்போதும் அப்படித்தான்.

அந்தக் கேமை அவன் தன் அக்காளான என் மனைவியின் போனிலும் ஏற்றிக் கொடுத்தான். புஞ்சைக் காட்டில் வேலை இல்லாத மாதங்களில் அவள் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போவாள். மத்தியானம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கப் போனால், அங்கே வேப்பமரத்தடியில் பத்துப் பெண்களும் ஆளுக்கொரு பண்ணைக்குச் சொந்தக்காரிகளாக உட்கார்ந்திருப்பார்கள்.

“ஏட்டி, எனக்கு ரெண்டு முட்டை அனுப்புட்டி. கேக்கு சுடணும்.”

“நேத்துதான அனுப்புனேன்? ஒனக்கு அனுப்பி அனுப்பியே என் கோழி எளைச்சுப் போச்சு.”

“நெசக் கோழி முட்டையே கேட்டாத் தரமாட்ட. இதயாவது தாயேன்!”

எல்லாரும் சிரிப்பார்கள். காலையிலிருந்து குச்சி அடுக்கிக் காய்த்துப்போன விரல்கள், அரைமணி நேர ஓய்வில் மறுபடியும் வரிசை வரிசையாக எதையோ அடுக்கிக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் ஓய்வு. தூக்குச்சட்டியை வைத்துவிட்டு நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன்.

எங்கள் பக்கத்தில் மழை வந்தபிறகு விதைக்க முடியாது. கரிசல் நனைந்துவிட்டால் கால் வைக்க விடாது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு படி மண் செருப்போடு வரும். டிராக்டர் இறங்கினால் இறங்கினதுதான். அதனால் புரட்டாசியில் மண் புழுதியாக இருக்கும்போதே விதைத்துவிட்டு, மழைக்குக் காத்திருப்போம். நல்ல மழை விழுந்தால் ஒன்றுபோல முளைக்கும். அரைகுறைத் தூற்றல் விழுந்தால் விதை ஏமாந்துபோய் முளைத்து, கீழே ஈரம் இல்லாமல் கருகிவிடும். அப்படி ஆகிவிட்டால், அடுத்த மழைக்கு முன்னால் அழித்துவிட்டு மறுபடியும் விதைக்க வேண்டும். மறுவிதைப்புக்கென்று தகர டின்னில் வேப்பிலை போட்டு உளுந்து எடுத்துவைக்காத வீடு கிடையாது.

அந்த வருஷம் எங்கள் புஞ்சை நாலு ஏக்கரிலும் உளுந்து போட்டேன். வீட்டுக்கு வருஷத்தில் விளைகிற ஒரே வெள்ளாமை அதுதான். விதைத்த நாளிலிருந்து காலையும் சாயங்காலமும் போய், குத்தவைத்து, விரலால் மண்ணைக் கீறி விதை எப்படிக் கிடக்கிறது என்று பார்ப்பேன். எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். பார்ப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

பன்னிரண்டாம் நாள் தூற்றல் விழுந்தது. மேல்மண் மட்டும் நனைந்தது. நாலாம் நாள் பார்த்தால் பாதிக் காடு முளைத்திருக்கிறது. அதற்கப்புறம் ஒரே வெயில். இரண்டு இலை விட்ட உளுந்து, காலையில் நிமிர்ந்து நிற்கும், மத்தியானம் தொங்கிப்போகும். சில இடத்தில் செத்துவிட்டது, சில இடத்தில் உயிர் இருக்கிறது. அழிப்பதா, விடுவதா? உயிரோடு நிற்கிற செடிமேல் கலப்பையை ஓட்ட ஒரு கல்மனசு வேண்டும். எனக்கு அது கொஞ்சம் குறைவு.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். மனைவியின் போனிலிருந்து சொட்டுச் சொட்டென்று சத்தம். அந்தக் கேமில் மழை பெய்துகொண்டிருந்தது.

“அங்க செடி வாடுது. இங்க நீ மழை பெய்ய வச்சுக்கிட்டு இருக்க” என்றேன்.

“நான் இத நிப்பாட்டுனா அங்க பெஞ்சிருமா?” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை நீட்டினாள். “இந்தாங்க, கொஞ்ச நேரம் தொட்டுப் பாருங்க. எதையாவது நெனச்சு நெனச்சு எதுக்கு மருகுதீங்க?”

வாங்கினேன். வெறுப்பில்தான் வாங்கினேன். இதை நாசமாக்கிவிட்டுத்தான் கொடுப்பது என்று முடிவு செய்தேன். அவள் விதைத்திருந்த சோளத்துக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. வாடும் என்று பார்த்தேன். வாடவில்லை. முற்றிய கோதுமையை அறுக்காமல் விட்டேன். உதிரவில்லை. கோழிக்குத் தீனி போடவில்லை. அது தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டது, அவ்வளவுதான். மறுநாள் திறந்தால் எல்லாம் விட்ட இடத்திலேயே எனக்காகக் காத்திருந்தன. படைப்புழு இல்லை, பன்றி இல்லை, மயில் இல்லை. எவ்வளவு சோம்பேறியாக இருந்தாலும் அதில் ஒரு செடியைக் கொல்ல முடியாது. இப்படி ஒரு பொய்யைச் செய்து உலகம் முழுக்கக் கொடுத்திருக்கிறார்களே என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் போனைக் கீழே வைக்கவில்லை.

மூன்றாம் நாள் நானே அதில் விதைத்தேன். நாலாம் நாள் காலையில் காட்டுக்குப் போகவில்லை. முதலில் பூசணிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தவன், வெயில் ஏறிவிட்டது, சாயங்காலம் போவோம் என்று இருந்துவிட்டேன். சாயங்காலமும் போகவில்லை. போனால் கருகினதைப் பார்க்க வேண்டும். இங்கே எல்லாம் பச்சை.

மறுநாள் டிராக்டர்காரர் வாசலில் வந்து நின்றார். ஊரில் டிராக்டரில் மாட்டி விதைக்கிற விதைப்புப் பெட்டி வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான்.

“என்னவே, ஒம்ம காட்ட அழிக்கவா வேண்டாமா? கீழக்காடு பூராம் மறுவெதைப்பு ஓட்டியாச்சு. இன்னைக்கு இங்கன முடிச்சிட்டுக் குளத்தூர்ப் பக்கம் போறேன்.”

என் கையில் போன். பூசணி பழுக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

“நாளைக்குச் சொல்லுதேன் அண்ணாச்சி” என்றேன்.

“நாளைக்கு நான் இருக்கமாட்டேன் வே. மேகத்தப் பாரும், தெக்க கருத்துக்கிட்டு வருது.”

“ரெண்டு நாள் பாப்போம்.”

அவர் என் கையைப் பார்த்தார். “என்ன, ஒம்ம மச்சினன் பாக்குத வெவசாயமா? நல்லாப் பாரும்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். மனைவி உள்ளேயிருந்து வந்தாள்.

“எதுக்குப் போகச் சொன்னீங்க? டின்னுல வெதை இருக்குல்லா?”

“பாதி உசுரோட நிக்குது. பாப்போம்னேன்.”

“நீங்க எப்பப் போய்ப் பாத்தீங்க?”

போனைப் பார்த்தேன். பூசணி பழுத்திருந்தது.

மறுநாள் மத்தியானம் மழை பிடித்தது. விட்டு விட்டு நாலு நாள். கரிசல் முழுக்கக் களியாகிவிட்டது. வரப்பில் நின்று பார்க்கலாம், உள்ளே இறங்க முடியாது. பன்னிரண்டு நாள் இறங்க முடியவில்லை. கீழக்காட்டில் மறுவிதைப்பு ஒன்றுபோல, பாய் விரித்த மாதிரி முளைத்து வந்தது. என் காட்டில் தப்பிப் பிழைத்தது பாதி. மிச்சம் வெறும் மண், சொட்டை சொட்டையாக.

மண் இறுகியதும் நானும் மனைவியும் டின்னைத் தூக்கிக்கொண்டு போனோம். பிழைத்த செடி முழங்காலை எட்டப் போகிறது, இனி அழிக்க மனசு வராது. சொட்டையான இடத்தில் மட்டும் கம்பால் குழி போட்டு, இரண்டிரண்டு விதையாக ஊன்றினோம். டிராக்டர் அரை நாளில் முடித்திருக்கும். எங்களுக்கு ஆறு நாள் ஆனது. தீப்பெட்டி ஆபீஸில் உட்கார்ந்தே வேலை பார்த்தவளுக்கு மூன்றாம் நாளே இடுப்பு பிடித்துக்கொண்டது. என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வந்து வரப்பில் நின்று, “சூப்பரா இருக்கு அத்தான்” என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனான்.

தை பிறந்ததும், முதலில் முளைத்த பாதி முற்றிக் காய்ந்து நின்றது. ஊன்றின பாதி அப்போதுதான் பூவும் பிஞ்சும். அறுவடை மிஷின்காரர் வரப்பிலேயே நின்று பார்த்துவிட்டு, இரண்டு வயசாக நிற்கிற வெள்ளாமையில் மிஷினை இறக்க முடியாது என்று போய்விட்டார். முற்றின செடியை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடுங்கினோம். மிச்சத்துக்கு ஈரம் போதவில்லை. பனியில் அசுவினிப் பூச்சி விழுந்து, காய்த்ததெல்லாம் சுருண்டு பதராகிவிட்டது.

கடைசியில் பசுவந்தனைப் பக்கத்திலிருந்து வந்த ஆட்டுக்காரரைக் கூப்பிட்டு, மேய்த்துக்கொள்ளச் சொன்னேன். அவர் நம்பாமல் ஒரு காயைப் பறித்து உரித்துப் பார்த்தார்.

“மண்ணு நல்ல மண்ணாத்தான தெரியுது. என்னாச்சு அண்ணாச்சி?”

“மழை ஏச்சிருச்சு” என்றேன்.

நல்லவர், அப்படியே நம்பினார். மழையை இரண்டு வார்த்தை திட்டக்கூடச் செய்தார். கொஞ்சம் தள்ளி நின்ற என் மனைவி, கீழக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே உளுந்தை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.