கண் காட்டப் போகிறவரும் காகிதக் குடையும்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: இன்று சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் என் சட்டைப்பையிலிருந்து எடுத்தது ஒரு குட்டிக் காகிதக் குடை.

துறைமுகத்தடியில் திறந்திருக்கிற புது மலேசியச் சாப்பாட்டுக் கடையில், புளியும் ரம்பை இலையும் சாராயமும் கலந்த கொக்டெயிலின் மேல் அது நின்றது. வாங்கித் தந்தவர் என் முப்பது வருசச் சிநேகிதர்.

"நாளைக்குக் கொழும்புக்குக் கண் காட்டப் போறன்" என்றார்.

எங்கள் ஊரில் அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பிறகு மலேசியாவிலிருந்துதான் போனில் கதைப்பார்கள்.

தேங்காய்ப்பால் சோற்றை மெல்ல மென்றார். "இதை நெடுகத் தின்ன ஏலுமோ, மச்சான்?"

"ஏன், கொழும்பு ஆஸ்பத்திரியில இதையோ தருவினம்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் அதற்குமேல் பகிடி வரவில்லை. "கண்ணைக் கவனமாய்ப் பார்த்துக்கொள்ளும்" என்று மட்டும் சொன்னேன்.

மெனுவின் பொடி எழுத்தெல்லாம் கண்ணாடி இல்லாமல் எனக்கு வாசித்துக் காட்டியவர் அவர்தான்.