கடித்துக் காட்டினால்தான் இறால் தீவனம்

இறால் தீவனம் விற்பவனுக்கு விசிட்டிங் கார்டு தேவையில்லை. அவன் வருவதற்கு முன்பே வாசனை வந்து சேர்ந்துவிடும். நாற்றம் பிடித்த தொழிலில் மாட்டிக்கொண்ட எல்லோருக்கும் என் கஷ்டம் புரியும்.

எண்பதுகளில் கிள்ளானில் ஒரு தீவனக் கம்பெனி ஸ்டோரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என்னை, திடீரென்று விற்பனைக்கு அனுப்பினார்கள். மேனேஜர் அன்றே சொல்லிவிட்டார்: "காப்பார் தவுக்கே நம்ம தீவனத்துக்கு மாறினா நீ சேல்ஸ்மேன். இல்லேன்னா திரும்ப மூட்டைதான்." தவுக்கே என்றால் சீன முதலாளி; காப்பாரில் பெரிய இறால் குளங்கள் அவருடையவை.

பக்கத்து சீட்

தீவனத்தில் சோயா, தவிடு எல்லாம் சாது. மீன்தூள்தான் வில்லன். எந்த சோப்புக்கும் அடங்காது. சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் நிற்க இடமிருக்காது. என் பக்கத்து சீட் மட்டும் காலியாக இருக்கும். நானும் வெட்கத்தை விட்டு, காலை நீட்டிக்கொண்டு ராஜா மாதிரி வருவேன்.

ஒருநாள் பாசார் பையோடு ஒரு அக்கா துணிந்து உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் பையைத் திறந்து, வாங்கிய மீனை மோந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது. மறுபடி மோந்தார். பிறகு என் பக்கம் திரும்பி ஒருமுறை மூச்சை இழுத்தார். "அப்பாடா, நீங்கதானா தம்பி! மீன்காரன் ஏமாத்திட்டான்னு பயந்தே போயிட்டேன்லா."

பூண்டும் மஞ்சளும்

தீவனத்தோடு கலந்து போட, பூண்டும் மஞ்சளும் அரைத்த பொடி ஒன்றைக் கம்பெனி இறக்கியது. பூண்டு வாசனைக்கு மீன் ஆசையாக வந்து தின்னும் என்பது எங்கள் கட்சி. ஜெஞ்சாரோமில் திலாப்பியா மீன் வளர்த்த ஒரு அண்ணனிடம் போய், மூச்சுவிடாமல் அதன் பெருமையைப் பேசினேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி வந்து பாக்கெட்டை வாங்கி மோந்து பார்த்தார். "இன்னும் கொஞ்சம் புளியும் மிளகாயும் போட்டுக் குடுங்க தம்பி, குளத்திலேயே கொழம்பு ஆயிடும்."

விரதமா, வேலையா

குளத்துக்காரர்களிடம் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. தீவன உருண்டையை முதலில் விற்பவன் கடித்துக் காட்ட வேண்டும், பிறகு வாங்குபவர் கடிப்பார். பழைய மீன்தூள் என்றால் நாக்கில் கசக்கும். கடிக்கத் தயங்கும் விற்பனையாளனை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

காப்பார் தவுக்கேயைப் பிடிக்கப் பல நாள் அலைந்தேன். ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்த சீனர்; தமிழ் தண்ணீராக வரும். ஒருவழியாகக் குளக்கரையில் சிக்கியவர், நான் நீட்டிய உருண்டையை என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "கடி பார்ப்போம்" என்றார்.

பத்துமலைக்குப் பால்குடம் எடுக்க விரதத்தில் இருந்தேன். கடித்தால் விரதம் போச்சு, கடிக்காவிட்டால் வேலை போச்சு. முருகா என்று கண்ணை மூடித் திறந்து, உண்மையைச் சொல்லிவிட்டேன். "மன்னிச்சிருங்க தவுக்கே, தைப்பூச விரதம். மீன் சேர்ந்ததைக் கடிக்க மாட்டேன்."

தவுக்கே வயிறு குலுங்கச் சிரித்தார். "பழக்கத்துல கேட்டுட்டேன்லா. இன்னிக்கு எங்க சீன மாசம் முதல் நாள், நானும் சைவம்தான். நீ கடிச்சிருந்தா நான் மாட்டியிருப்பேன்!"

அதற்குப் பிறகும் இரண்டு பேரும் ஆளுக்கொரு உருண்டையை வைத்துக்கொண்டு, யாரைக் கடிக்கச் சொல்லலாம் என்று யோசித்தோம். அவர் மனைவி பொறுக்க முடியாமல் வந்தார். இரண்டு தட்டு எடுத்து, ஒன்றில் எங்கள் தீவனம், மற்றதில் அவர்களுடைய பழைய தீவனம் என்று போட்டுக் குளத்தில் இறக்கினார். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கினால், எங்கள் தட்டு சுத்தமாகக் காலி. இன்னொன்றில் பாதி அப்படியே கிடந்தது. தவுக்கே அங்கேயே ஒரு லோரி தீவனம் அனுப்பச் சொன்னார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அந்த அம்மா தட்டை உதறியபடி தமிழிலேயே சொன்னார்: "திங்கப் போறது எறால். அதைக் கேக்காம, ரெண்டு சாமியாரும் இவ்வளவு நேரம் என்னாத்த பேசுனீங்க?"

ஆக, வாய் ஓயாமல் பேசிப் பிழைக்க வந்த என் வேலையைக் காப்பாற்றியது, தின்பதைத் தவிர வேறெதற்கும் வாயைத் திறக்காத கூட்டம்தான்.